இரண்டாவது கதிரை

நான் இருபது நிமிடம் பிந்தி வந்ததைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். கோபிக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் என்னைத் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நேசன் வருகிறான் என்றால் மணிக்கூட்டைத் திருத்தி வைக்கலாம் என்பார்கள். இப்போது நான் எங்கே போனாலும் பிந்தித்தான் போகிறேன், அதுவும் வேண்டுமென்றேதான். ஏன் என்று சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேய், பிசாசு, கண்ணூறு, கழிப்பு எதிலும் எனக்கு ஒரு காலமும் நம்பிக்கை இருந்ததில்லை. இங்கே லண்டனில், ரெய்னர்ஸ் லேன் மச்சான் வீட்டுப் பிறந்தநாளில் ஒருவர் தான் பேய் கண்ட கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அந்தப் பேய் என்ன சைஸ் செருப்புப் போட்டிருந்தது என்று கேட்டு அவரைப் பாதியில் நிறுத்தியவன் நான். மனிசி வதனி அன்று வீடு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. சின்ன வயதில் அம்மா சொல்லுவார், உச்சி வெய்யிலில் முகம் தெரியாத ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாதாம். அதற்காகவே நான் முதல் தரமே "ஓம்" என்று கத்துவேன். அப்படிப்பட்ட ஆள்தான் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

என் அப்போதைய வேலை உங்களுக்குத் தெரியும், டயாலிசிஸ் செய்கிறவர்களை ஏற்றி இறக்கும் வான். திங்கள், புதன், வெள்ளி, விடிய ஆறரைக்குத் தோர்ண்டன் ஹீத்தில் ஏற்றி, குரோய்டன் பக்கத்தில் சென்டரில் விட்டு, மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு நாளாவது பிந்தியதில்லை. எனக்கு நாரி நோ இருக்கிறது, ஒரு சின்னக் குஷனை முதுகின் அடியில் இடுப்புக்கு அண்டக் கொடுத்துக்கொண்டுதான் ஓடுவேன். வதனிக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்லுவாள் என்று குஷனைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துத்தான் வீட்டிலிருந்து கொண்டுபோவேன். அதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் மம்மா.

மம்மா என்றால் தைவோ மம்மா, நைஜீரியாக்காரி, எழுபத்து நான்கு வயது. வானில் எனக்குப் பக்கத்து சீற்றில்தான் ஏறுவார். முதல் கிழமையே என் குஷனைப் பார்த்து, "நாரி நோவோ மகன்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அந்தக் குஷனுக்குத்தான் நோ போல" என்றார். நாங்கள் கதைத்ததெல்லாம் இங்கிலீசில்தான், ஆனால் எனக்கு அவர் கதை நினைவு வருவது எங்கள் தமிழில்தான், அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மம்மாவின் ஊர் அபேயோகுட்டா. யொரூபா ஆட்களின் பழைய ஊர், ஓகூன் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. மம்மாவுக்கு ஒரு பழக்கம், வான் போகும் வழியெல்லாம் அந்த ஊரைக் காட்டிக்கொண்டு வருவார். லண்டன் ரோட்டில் எங்கள் ஆட்களின் சாரிக் கடைகள் வந்தால் அது இத்தோக்குச் சந்தை, அங்கே பெண்கள் நீலச் சாயம் தோய்த்த துணி விற்பார்களாம், அவர்கள் கை முழங்கை மட்டும் நீலமாகவே இருக்குமாம். ஹை ஸ்ட்ரீட் மணிக்கூட்டுக் கோபுரம் ஆக்கே என்ற பகுதியில் உள்ள தேவாலயம். ரயில் ஸ்டேஷன் பாலம், லஃபென்வா பாலம். தோர்ண்டன் ஹீத் பாண்ட் என்று ஒரு ரவுண்டபௌட் இருக்கிறதே, பெயரில் மட்டும்தான் குளம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, அதுதான் ஓகூன் ஆறு. அந்த இடம் வந்தால் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, தண்ணீரைத் தொடுவது போல விரலை அசைப்பார். நான் பகிடி பண்ணுவேன்.

"மம்மா, உங்கட பாலம் ஸ்டேஷனடியில, ஆறு பாண்டடியில. ஆறில்லாத இடத்தில என்னத்துக்குப் பாலம்?"

"நாப்பது வருஷம் இந்த நாட்டில கிடந்தால் எல்லாம் கொஞ்சம் இடம் மாறித்தான் போகும், மகன்."

தூரத்தில் தெரியும் நோர்வூட் மேடு ஓலுமோ பாறை. அபேயோகுட்டா என்றாலே பாறைக்குக் கீழே என்றுதான் அர்த்தமாம். ஒரு காலத்துச் சண்டையில் சனம் அந்தப் பாறைக்குக் கீழேதான் ஒளிந்திருந்ததாம், தானியம் அரைத்த குழிகள்கூடக் கல்லில் இன்னும் இருக்கிறதாம். அதைக் கேட்ட அன்றுதான் நான் எங்கள் ஊர் வீட்டுப் பின்வளவில் ஷெல்லடிக்கு ஒளிந்திருந்த பங்கரைப் பற்றி அவருக்குச் சொன்னேன். வதனிக்குக்கூட அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மம்மா எனக்கு வெறும் பயணி இல்லை.

மம்மாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஒரே ஆசை. அவருக்கு ஒரு இரட்டைச் சகோதரி, கெய்ந்தே, அந்த ஊரில் ஆற்றுக்குப் பக்கத்துக் குடும்ப வீட்டிலேயே இருந்தார். அவரைச் சாகமுன் ஒரு தரம் பார்க்க வேண்டும். முதலில் பிள்ளைகள் சின்னவர்கள், பிறகு புருசனுக்கு வருத்தம், பிறகு மம்மாவுக்கே சிறுநீரகம் போய்விட்டது. மூன்று நாள் மெஷினை விட்டால் ஆள் இல்லை என்று டொக்டர் பிளேன் பயணத்துக்கு விடவேயில்லை.

"எங்கட ஆக்களில இரட்டைப் பிள்ளையளில முதல் பிறக்கிறதுதான் இளையது" என்று ஒருநாள் சொன்னார். "மூத்தது வயித்துக்குள்ள இருந்துகொண்டு, நீ போய் உலகம் எப்பிடியெண்டு பாத்துச் சொல்லு எண்டு இளையதை அனுப்பும். தைவோ எண்டால் அப்பிடி முதல் வந்தவள். லண்டனுக்கும் அவள்தான் என்னை அனுப்பினவள். பாத்திட்டு வந்து சொல்லு எண்டாள். நான் இன்னும் போய்ச் சொல்லேல்ல."

"போனில சொல்லலாம்தானே மம்மா?"

"அவளுக்குப் பாரிசவாதம் வந்து ரெண்டு வருஷம். பேச்சில்லை. அவள்ர குரல் எனக்கு மறந்துபோயிடுமோ எண்டுதான் பயமாக் கிடக்கு."

இன்னொன்றையும் சொன்னால்தான் மற்றது விளங்கும். மம்மாவுக்கு இடது காது கேட்காது. சென்டரில் காலையில் நர்ஸ் கதவடியில் நின்று "தைவோ" என்று கூப்பிட்டால் அவருக்கு விளங்காது, நான்தான் பதில் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். முதல் நாள் நர்ஸ் நோயாளி மட்டும் வந்தால் போதும் என்றார், மம்மா என் கையை விடவில்லை, நானும் எரிச்சலில் "ரெண்டு பேரும் வாறம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அது பிறகு எங்களுக்குள் ஒரு பகிடியாகிவிட்டது. பேர் கூப்பிட்டால் நான் "ரெண்டு பேரும் வாறம்" என்பேன், நர்ஸ் சிரிப்பார், மம்மா ராணி மாதிரி எழும்பி நடப்பார். கிழமைக்கு மூன்று தரம், இரண்டு வருடம். வாய் தன்பாட்டில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அன்று புதன்கிழமை, நல்ல வெய்யில் காலம். சென்டரிலிருந்து திரும்பும்போது மத்தியானம் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். வானில் நானும் மம்மாவும் மட்டும்தான். மெஷினால் வந்தால் மம்மா களைத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். லண்டன் ரோட்டில் பாண்டுக்குக் கிட்ட ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள், செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவன் பக்கத்துத் தெருவைக் கையால் காட்டினான். அங்கே போனால் இன்னொரு தடை, அதைச் சுற்றினால் இன்னொன்று. எனக்கு நேரம் போகிறதென்று விசர் வந்துவிட்டது. மம்மா கண்ணை மூடியபடியே, "லஃபென்வாப் பக்கத்தால போவன் மகன்" என்றார். நான் வேண்டா வெறுப்பாகச் சொன்னேன்.

"சரி மம்மா, நீங்களே வழியைச் சொல்லுங்கோ. நான் ஓடுறன்."

விளையாட்டுக்குச் சொன்னது. மம்மா கண்ணைத் திறந்து நிமிர்ந்து இருந்தார். "வலப்பக்கம் திருப்பு" என்றார். அந்தத் தெருவில் வலப்பக்கம் திரும்ப இடமே இல்லை, ஒன்பது வருடமாக ஓடுகிற எனக்குத் தெரியாதா, ஆனால் ரோடு இருந்தது, நான் திருப்பினேன். "இத்தோக்கு வரும், மெதுவா" என்றார். இரண்டு பக்கமும் துணி தொங்கியது, நீலத் துணி, ஒன்றின் மேல் ஒன்றாக. கடை வாசலில் இருந்த பெண்கள் வானைப் பார்த்தார்கள். ஒரு பெண் முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினாள், அந்தக் கை முழங்கை மட்டும் நீலமாக இருந்தது. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா, ஆபிரிக்கக் கடைகள் புதிதாகத் திறந்திருக்கிறார்கள் போல என்றுதான். மூளை அப்படித்தான் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும்.

பிறகு தேவாலயக் கோபுரம் வந்தது. எங்கள் மணிக்கூட்டுக் கோபுரம் இல்லை அது. துருப்பிடித்த தகரக் கூரைகள் மேட்டில் அடுக்கடுக்காகத் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுத்தப் பாறை. வழிகாட்டும் சாட்நாவ் திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றது. வேறு ஒரு வாகனம் இல்லை. ஏசி போட்டிருந்தும் புகை மணமும் ஈர மண் மணமும் உள்ளே வந்தது. எனக்குப் பயம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது. மம்மா சொல்லச் சொல்ல, பல காலம் ஓடிய ரோட்டில் ஓடுவது போலத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பாலம் வந்தது. இரும்புப் பாலம், கீழே அகலமான மண்ணிற ஆறு. ஆறும் பாலமும் ஒரே இடத்தில் இருந்தன. "இஞ்ச நிப்பாட்டு" என்றார், நிற்பாட்டினேன். இஞ்சினை நிற்பாட்டவில்லை, ஆனால் அதன் சத்தம் கேட்கவில்லை. மம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார்.

அப்போதுதான் அந்தக் குரல். இடது பக்கமிருந்து, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, "தைவோ" என்று. பெண் குரல், வயதான குரல், குசினியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது போல அவ்வளவு சாதாரணமாக. மம்மா திரும்பவில்லை, அது அவருடைய கேட்காத காதுப் பக்கம். இரண்டாம் தரமும் கூப்பிட்டது. நான் யோசிக்கவே இல்லை, இரண்டு வருடப் பழக்கம், சென்டரில் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் வாறம்."

மம்மா என் பக்கம் திரும்பினார். "ஆருக்குச் சொன்னனி?"

"உங்களைக் கூப்பிட்டினம் மம்மா."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்."

மம்மாவின் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வேன். "முகம் தெரியாத ஆள் கூப்பிட்டால் மூண்டு தரம் கேக்காமல் எங்கட ஊரில பதில் சொல்லாயினம்" என்று மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. பார்த்தால் பாண்ட் ரவுண்டபௌட்டின் வெள்ளைக் கோட்டில் நிற்கிறோம், சுற்றிவர வாகனம், கேஎஃப்சிப் பெட்டியோடு ஒருவன் ரோட்டைக் கடக்கிறான். மம்மா அழுதுகொண்டிருந்தார்.

"அது அவள்ர குரல். ரெண்டு வருஷமா நான் காத்திருந்த குரல். உனக்குக் கேட்டிருக்கு, எனக்குக் கேக்கேல்ல. என்னைக் கேளாமல் பதிலும் சொல்லிப்போட்டாய்."

மன்னிப்புக் கேட்டேன். ஒரு கிழவியிடமிருந்து அவருடைய கடைசிச் சொத்தைப் பறித்த மாதிரி இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் இறக்கிவிட்டு வெளியே வர ஒஃபிஸிலிருந்து போன் கோல், வான் எட்டு நிமிடம் பாண்டில் அசையாமல் நின்றதாக ட்ராக்கர் காட்டுகிறதாம், ஏன் என்று கேட்டார்கள். டிராபிக் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிய ஏற்றப் போனபோது கதவைத் திறந்தது மகள் பிம்பே. பெரியம்மா கெய்ந்தே புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குச் செத்துவிட்டார் என்றாள். கோடையில் அந்த ஊருக்கும் எங்களுக்கும் ஒரே நேரம். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"ரெண்டு வருஷம் பேச்சில்லாத ஆள், அங்கிள். அண்டைக்கு ரெண்டு தரம் அம்மான்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவாவாம். பிறகு சிரிச்சு, ஒரு ஆம்பிளை பதில் சொன்னவர், ரெண்டு பேரும் வருகினமாம் எண்டு சொன்னவாவாம். வாசல்ல ரோட்டைப் பாத்து ரெண்டு கதிரை போடச் சொல்லி, அதைப் போட்ட பிறகுதான் சீவன் போனது. எங்கட அப்பா செத்துப் பத்து வருஷம். அந்த ஆம்பிளை ஆரெண்டு அங்க எல்லாரும் கேக்கினம்."

உள்ளே கதிரையில் இருந்த மம்மா என்னைப் பார்த்தார். பதில் சொன்னது நான்தான் என்று மகளிடம் கடைசி வரைக்கும் அவர் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மம்மா வழியில் ஊரைக் காட்டுவதை விட்டுவிட்டார். பாண்டில் கண்ணாடியும் இறக்கவில்லை. சென்டரில் பேர் கூப்பிட்டால் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவர் தோளைத் தட்டுவேன், நர்ஸுக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஏழு மாதம் அப்படிப் போனது. மாரியில் ஒரு திங்கட்கிழமை, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சிவப்பு லைட்டில் நிற்கும்போது மம்மா என் கையைத் தொட்டார்.

"மகன், நீ சொல்லிப்போட்டாய், நான் போகத்தான் வேணும். பயப்பிடாதை. உனக்குப் பிள்ளையள் இருக்கு. நான் தனியத்தான் வந்தனான், அவனை விட்டிடு எண்டு அவளிட்டச் சொல்லுவன்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ மம்மா" என்றேன். அந்தக் கிழமையே, மெஷினுக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், மம்மா நித்திரையில் போய்விட்டார். அவர்கள் வழக்கப்படி ஊருக்குக் கொண்டுபோய்க் குடும்ப வீட்டு வளவிலேயே அடக்கம் செய்தார்கள். டொக்டர் பிளேனில் ஏற விடாத ஆள் கடைசியில் பிளேனில்தான் போனார்.

பிம்பே திரும்பி வந்து என்னைப் பார்க்க வந்தாள், அம்மாவின் நீலத் துணி ஒன்றைத் தந்துவிட்டுக் கதையோடு கதையாகச் சொன்னாள். அடக்கம் முடிந்த அன்று, வாசலில் கிடந்த அந்த இரண்டு கதிரையில் ஒன்றில் மம்மாவின் சால்வையை மடித்து வைத்திருக்கிறார்கள். மற்றது சும்மா கிடக்கிறதே என்று பிம்பேயின் ஒன்றுவிட்ட தங்கச்சி உள்ளே எடுத்து வைத்திருக்கிறாள். அவள் கனவில் மம்மாவே வந்து திருப்பி வெளியில் போடச் சொன்னாராம். "அந்தாள் ஒரு நாளும் பிந்தாது எண்டு சொன்னவாவாம் அங்கிள். ஆரைச் சொன்னவாவோ தெரியேல்ல" என்று பிம்பே சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னை விடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், அங்கே போய் மனம் மாறிவிட்டாரா, அல்லது மூத்தவள் விடவில்லையா, எனக்குத் தெரியாது.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பிந்துகிற பழக்கம். கலியாண வீடு, செத்த வீடு, டொக்டர், எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் போகிறேன். வான் வேலையை விட்டு இப்போது சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட், அங்கேயும் இரண்டு தரம் எச்சரித்துவிட்டார்கள். வீட்டில் வதனி கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் ஓம் என்கிறேன், காது போய்விட்டதென்று அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும்.

இதோடு விட்டிருந்தால் கனவு, பிரமை, ஏதோ ஒன்று என்று நானும் மறந்திருப்பேன். போன மாதம் பிம்பே திரும்பவும் ஊருக்குப் போனவள், வாட்ஸ்அப்பில் வீட்டு வாசலின் படம் அனுப்பினாள். நான் கேட்கவில்லை, தானாக அனுப்பினாள். இதோ, நீங்களே பாருங்கள். இரண்டு கதிரை, ரோட்டைப் பார்த்தபடி. இதில் மம்மாவின் சால்வை. மற்றதில் யாருமில்லை, ஆனால் முதுகுப் பக்கத்தில் பாருங்கள், நீலத் துணியால் உறை போட்ட ஒரு சின்னக் குஷன், நாரிக்கு அண்டக் கொடுக்கும் அளவாக. யார் வைத்தது என்று பிம்பேயைக் கேட்டேன். தெரியாதாம், தான் போகும்போதே அங்கே இருந்ததாம்.